சரவணனிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கியது யார்?

'சந்திரமுகி' 2005 ஏப்ரல் 14 அன்று வெளியானது. அதே வருடம் ஜூன் 17 அன்று 'அந்நியன்' வந்தது. இரண்டு மாத இடைவெளியில் இரண்டு பெரிய படங்கள். இரண்டிலும் முக்கியமான ஒரு பாத்திரத்துக்கு மனநோய், இரண்டிலும் ஒரு மனநல மருத்துவர் வந்து முடிச்சை அவிழ்க்கிறார். மனசுக்கு ஒரு டாக்டர் என்றால் எப்படி இருப்பார், என்ன செய்வார் என்று என் வயதுக்காரர்கள் பலர் தெரிந்துகொண்டது இந்த இரண்டு படங்களில்தான். நிஜத்தில் ஒருவரைப் பார்ப்பதற்கு முன்பே டிவியில் சரவணனைப் பத்து தடவை பார்த்திருப்போம்.

சமீபத்தில் இரண்டு மூன்று பேர் என்னிடம், "நல்ல சைக்காலஜிஸ்ட் யாராவது தெரியுமா? எப்படிப் பார்த்துப் போறது?" என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்தது சாஃப்ட்வேர்தான். ஆனாலும் கேள்வி பிடித்திருந்ததால் ஆய்வுக் கட்டுரைகள் கொஞ்சம் படித்தேன். கூடவே இந்தப் படங்களையும் மறுபடி பார்த்தேன், ஒரே ஒரு கேள்வியோடு: இவற்றில் நோயாளி தன் மருத்துவரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்?

பதில் எளிது. தேர்ந்தெடுப்பதே இல்லை.

கங்கா எங்கே?

'சந்திரமுகி'யின் கதை எல்லோருக்கும் தெரியும். சரவணன் (ரஜினி) அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் மனநல மருத்துவர். செந்திலுக்கு (பிரபு) உடன்பிறவாத சகோதரன் மாதிரி. செந்திலின் மனைவி கங்காவுக்கு (ஜோதிகா) தன்னை சந்திரமுகியாக நினைத்துக்கொள்ளும் பிரச்சினை. சரவணன் கண்காணிக்கிறார், சந்தேகப்படுகிறார், தகவல் திரட்டுகிறார். கண்டுபிடித்ததை முதலில் யாரிடம் சொல்கிறார்? கணவனிடம். அதை நிரூபிக்க என்ன செய்கிறார்? கணவனை வைத்தே கங்காவைத் தடுக்கச் சொல்லி, அவள் மாறுவதை வரவழைத்துக் காட்டுகிறார். கடைசியில் மந்திரவாதியோடு சேர்ந்து ஒரு நாடகம் நடத்தி, வேட்டையன் எரிந்துபோனதாக அவளை நம்பவைத்து, குணமாக்குகிறார்.

இந்த முழு வைத்தியத்திலும் "உங்களுக்கு என்ன கஷ்டம், நான் உதவட்டுமா?" என்று யாரும் கங்காவிடம் கேட்பதில்லை. அவளுக்கு வைத்தியம் நடக்கிறது என்பதே அவளுக்குத் தெரியாது. எங்கள் வேலையில் சொல்வதானால், ஓனருக்குச் சொல்லாமல் ராத்திரி புரொடக்‌ஷன் சர்வரில் நுழைந்து கோளாறைச் சரிசெய்கிற சீனியர் இன்ஜினியர் சரவணன். சரியாகிவிட்டால் ஹீரோ. சரியாகாவிட்டால் என்ன ஆகும் என்று படம் யோசிப்பதில்லை, ஏனென்றால் ரஜினிக்கு அது நடக்காது.

'அந்நியன்' கொஞ்சம் பரவாயில்லை. அம்பியை நந்தினி பெங்களூரு நிம்ஹான்ஸுக்கு அழைத்துப் போகிறாள். ஒரு நிஜமான நிறுவனத்தின் பெயர் வருகிறது. ஆனால் அங்கேயும் மருத்துவர் (நாசர்) ஹிப்னாடிசம் செய்து, அம்பி சொல்லாத கடந்தகாலத்தை வெளியே இழுத்துவிடுகிறார். அம்பி சொல்லி அவர் தெரிந்துகொள்வதில்லை. அம்பியைத் தாண்டிப் போய்த் தெரிந்துகொள்கிறார்.

"பேய்ப்படத்துல போய் மெடிக்கல் எத்திக்ஸ் தேடறியா?" என்று கேட்கலாம். மருத்துவம் சரியா தப்பா என்பது என் பிரச்சினை இல்லை. படம் விறுவிறுப்பாக இருக்க மருத்துவர் துப்பறிவாளராக மாறியாக வேண்டும், அது திரைக்கதையின் தேவை. சிக்கல் என்னவென்றால் அந்தப் பிம்பம் தியேட்டரோடு நிற்கவில்லை. நல்ல சைக்காலஜிஸ்ட் என்றால், நாம் வாயைத் திறக்கும் முன் நம்மைப் படித்துவிடுகிற ஆள் என்ற எதிர்பார்ப்பு நமக்குள் உட்கார்ந்துவிட்டது. முதல் சந்திப்பிலேயே நம் ரகசியத்தைச் சொல்லிவிட்டால் "பயங்கர டேலன்ட்டுப்பா". கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தால் "இவருக்கு ஒண்ணும் தெரியல போல".

அதே 2005இல் வந்த இன்னொன்று

படங்கள் வந்த அதே 2005இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியானது. ஹன்னன், லாம்பெர்ட் முதலியோர் எழுதியது. ஒரு பல்கலைக்கழக ஆலோசனை மையத்தில் 48 சிகிச்சையாளர்களிடம் 550 பேரைப் பற்றிக் கேட்டார்கள்: இவர்களில் யார் சிகிச்சை முடியும்போது வந்ததைவிட மோசமான நிலையில் இருப்பார்கள்? சிகிச்சையாளர்கள் எல்லோருமாகச் சேர்ந்து 3 பேரைத்தான் சொன்னார்கள். உண்மையில் மோசமானது 40 பேர். சொன்ன மூன்றில் சரியானது ஒன்று. அதேசமயம், நோயாளிகளே நிரப்பிய சாதாரணக் கேள்வித்தாளின் எண்களை வைத்துப் போட்ட கணக்கு அந்த 40இல் பெரும்பாலானவர்களைப் பிடித்துவிட்டது.

இதை நான் மூன்று தடவை படித்தேன். பயிற்சி பெற்ற, வாரா வாரம் முகத்துக்கு நேரே உட்கார்ந்து பேசுகிற ஆட்களுக்கே நீங்கள் சரிந்துகொண்டிருப்பது தெரியவில்லை. அவர்கள் திறமைக் குறைவானவர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. மனசு அப்படி வெளியிலிருந்து படிக்கக்கூடிய பொருள் இல்லை. நீங்கள் சொன்னால்தான் தெரியும். அவர் கேட்டால்தான் நீங்கள் சொல்வீர்கள்.

இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டிய இன்னொரு ஆய்வு வரிசை இருக்கிறது. எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979இல் சிகிச்சை உறவை மூன்றாகப் பிரித்தார். எதை நோக்கிப் போகிறோம் என்பதில் இருவருக்கும் உடன்பாடு. அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்பதில் உடன்பாடு. இருவருக்கும் இடையில் நம்பிக்கை. 2018இல் ஃப்ளூக்கிகர் குழுவினர் இந்த உறவையும் சிகிச்சைப் பலனையும் அளந்த 295 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். 30,000 பேருக்கு மேல். இரண்டுக்கும் உள்ள தொடர்பு சுமார் 0.28. வர்க்கப்படுத்தினால் பலனில் தெரியும் வேறுபாட்டில் ஏறக்குறைய 8 சதவீதம்.

இவ்வளவுதானா என்று தோன்றலாம். ஆனால் எந்த முறை சிகிச்சை சிறந்தது என்று ஒன்றோடொன்று ஒப்பிடும்போது கிடைக்கும் வித்தியாசம் பெரும்பாலும் இதைவிடச் சின்னது. தொடர்பு என்பது காரணம் ஆகிவிடாது என்பதும் உண்மை; சீக்கிரம் குணமாகிறவர்களுக்கு டாக்டரைப் பிடித்துப்போகவும் செய்யும். அந்த எச்சரிக்கையோடே சொல்கிறேன்: ஆளைத் தேடும்போது "சி.பி.டி. பண்றவரா, வேற ஏதாவதா" என்று அலசுகிற நேரத்தில் பாதியையாவது, "இவரும் நானும் ஒரே திசையில் போறோமா" என்று பார்க்கச் செலவிடலாம்.

போர்டினின் மூன்றையும் கங்காவுக்குப் போட்டுப் பாருங்கள். இலக்கு பற்றி அவளிடம் பேசப்படவில்லை. வழி பற்றியும் பேசப்படவில்லை. நம்பிக்கை இருந்தது, ஆனால் அது குடும்ப நண்பன் மேல் வைத்த நம்பிக்கை.

கைரா தேர்ந்தெடுக்கிறாள்

இந்த விஷயத்தில் வித்தியாசமான படம் 2016 நவம்பரில் வந்த இந்திப் படம் 'டியர் ஜிந்தகி'. கௌரி ஷிண்டே இயக்கியது. கைரா (ஆலியா பட்) ஒரு மனநலக் கருத்தரங்கில் ஜஹாங்கீர் கான் (ஷாருக்) பேசுவதை எதேச்சையாகக் கேட்கிறாள். பேச்சு பிடித்துப்போய், தானே தேடிப் போகிறாள். தூக்கம் வரவில்லை என்ற தன் பிரச்சினையை வைத்துக்கொண்டு போகிறாள். யாரும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகவில்லை. கடைசியில் சிகிச்சை முடிந்தது என்று அவர் சொல்லும்போது அவளுக்கு அவர் மேல் ஈர்ப்பு இருக்கிறது. அவர் அதை மரியாதையோடு எதிர்கொண்டு, எல்லையைக் காப்பாற்றி அனுப்பிவைக்கிறார்.

அதே படத்தில் நாற்காலி உவமை ஒன்று வரும். ஒரு நாற்காலி வாங்கவே பலவற்றில் உட்கார்ந்து பார்க்கிறோமே, துணையைத் தேர்ந்தெடுக்க மட்டும் ஏன் தயக்கம் என்பதுபோல. அது காதலுக்காகச் சொன்னது. படத்தில் இல்லாத இடம் இதுதான்: கைரா முதலில் உட்கார்ந்த நாற்காலியே ஷாருக் கானாக அமைந்துவிடுகிறது! இரண்டு பேரைப் பார்த்து ஒத்துவராமல் மூன்றாவது ஆளிடம் போகும் கைராவை யாரும் எடுக்கவில்லை. நிஜத்தில் பலருக்கு நடப்பது அதுதான். அது தெரியாததால் முதல் ஆள் ஒத்துவரவில்லை என்றதும் "கவுன்சிலிங் எல்லாம் நமக்குச் செட் ஆகாது" என்று மொத்தமாக விட்டுவிடுகிறோம்.

நம்ம ஊர் வழி

கோயம்புத்தூரில், பொதுவாகக் கொங்குப் பக்கம், எதை வாங்கினாலும் "தெரிஞ்சவங்க" வழியாகத்தான். லேத் போடுவதிலிருந்து பொண்ணு பார்ப்பது வரை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. திருப்பூர் பனியன் தொழில் எப்படி வளர்ந்தது என்று ஷரத் சாரி 2004இல் 'ஃப்ரட்டர்னல் கேபிடல்' என்ற புத்தகமே எழுதினார். உறவும் சாதியும் உழைப்பும் பின்னிய வலைதான் அங்கே முதலீடு. கடன் யாருக்குக் கொடுக்கலாம், யார் நாணயமானவர், எல்லாத் தகவலும் அந்த வலையில் ஓடும்.

தகவல் ஓடுவதுதான் அந்த வலையின் பலம். மனநல ஆலோசனைக்கு அதே வலையை உபயோகித்தால் அதுவே ஆபத்து. எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரிப் பெண்ணை, அப்பாவுக்குப் பழக்கமான ஒரு ஆலோசகரிடம் அழைத்துப் போனார்கள். முதல் நாள் அவள் தயங்கித் தயங்கிச் சொன்ன விஷயம் அன்று ராத்திரியே வீட்டில் பேசப்பட்டது. ஆலோசகர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார், சரவணன் செந்திலிடம் சொன்ன மாதிரி. அந்தப் பெண் அதற்குப் பிறகு யாரிடமும் வாய் திறக்கவில்லை.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு, மனநோய் உள்ளவரின் தகவல் ரகசியமாகக் காக்கப்படுவதை அவருடைய உரிமையாகவே வைத்திருக்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. ஆனால் "அப்பா கேட்டாரு" என்பது தானாக விதிவிலக்கு ஆகிவிடாது. ஆகவே என் முதல் சிபாரிசு: பெயரைத் தெரிந்தவர்களிடம் வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் உங்கள் கல்யாணப் பத்திரிகை போகிற வீட்டு ஆளாக இருக்கவேண்டாம்.

போர்டில் இருப்பதைப் படிப்பது

இன்னொரு குழப்பம் பெயர்களில். சரவணனும் நாசரும் சைக்கியாட்ரிஸ்ட்டுகள், அதாவது எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவம் மேல்படிப்பு படித்தவர்கள். மருந்து எழுதலாம். சைக்காலஜிஸ்ட் என்பவர் உளவியல் படித்தவர், பேச்சுவழிச் சிகிச்சை தருபவர், மருந்து எழுதமாட்டார். அவர்களில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்ள ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு வேண்டும். முதுகலைக்குப் பிறகு இரண்டு வருட எம்.ஃபில். என்பதுதான் வழக்கமாக இருந்துவந்த பாதை. பதிவு எண்ணைக் கேட்கலாம், ஆர்.சி.ஐ. இணையதளத்தில் தேடியும் பார்க்கலாம். நாலு நிமிட வேலை.

பதிவில்லாமல் தொழில் செய்தால் 1992ஆம் வருட ஆர்.சி.ஐ. சட்டத்தில் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இன்றைக்குப் பல இடங்களில் ஒரு மணி நேரக் கட்டணமே அந்த அபராதத்தைத் தொட்டுவிடும். "கவுன்சிலர்", "மைண்ட் கோச்" போன்ற பெயர்களுக்கு இந்தப் பதிவுத் தேவையும் இல்லை. 2021இல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் சட்டம் உளவியலாளர், ஆலோசகர்களையும் ஒரு பட்டியலுக்குள் கொண்டுவந்திருக்கிறது. நம் தெருவில் இருக்கும் போர்டுகள் அதனால் மாறிவிடவில்லை.

அதற்காகச் சான்றிதழே எல்லாம் என்று சொல்லமாட்டேன். கோவாவில் விக்ரம் படேல் குழுவினர் செய்து 2016 டிசம்பரில் 'லான்செட்' இதழின் தளத்தில் வெளியான ஆய்வில், உளவியல் பட்டம் இல்லாத சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்பச் சுகாதார நிலையங்களில் தீவிர மனச்சோர்வு உள்ளவர்களுக்கு ஆறு முதல் எட்டு அமர்வுகள் நடத்தினார்கள். நல்ல பலன் கிடைத்தது. ஆனால் அவர்களுக்குத் தெளிவான கையேடு இருந்தது, தொடர்ந்து மேற்பார்வை இருந்தது. போர்டைப் பார்த்துவிட்டு நாம் கேட்க மறக்கும் கேள்வி இது: "உங்க வேலையை யாராவது மேற்பார்வை பண்றாங்களா?"

கோயிலை என்ன செய்வது?

'சந்திரமுகி' கிளைமாக்ஸில் டாக்டரும் மந்திரவாதியும் கைகோர்ப்பதை முழுக்கக் கிண்டல் செய்ய எனக்கு மனம் வரவில்லை. நம் பக்கம் முதலில் போகிற இடம் குலதெய்வக் கோயில்தான். பூ கேட்டு, கயிறு கட்டி, பிறகுதான் ஆஸ்பத்திரி. ஆர். ரகுராம் உள்ளிட்டோர் 2002இல் 'பி.எம்.ஜே.' இதழில் வெளியிட்ட ஆய்வு ஒன்று, தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரைப் பற்றியது. சராசரியாக ஆறு வாரத் தங்கல். மருந்து இல்லை. நோய்க்குறி அளவுகோலில் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாத சின்ன ஆய்வுதான், அதை மறக்கக்கூடாது. ஆய்வாளர்கள் முக்கியமாகக் கருதியது மிரட்டல் இல்லாத, அரவணைக்கும் சூழலை.

அதற்கு ஒரு வருடம் முன்பு, 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் நடந்ததும் வழிபாட்டுத் தலத்தை ஒட்டி நடந்ததுதான். சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்தவர்கள் தீயிலிருந்து ஓடமுடியாமல் போனார்கள். 28 உயிர்கள். 2017 சட்டம் சங்கிலியைத் தடைசெய்கிறது. கோயிலா கிளினிக்கா என்பதைவிட, அங்கே இருப்பவரால் "எனக்கு இங்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போகமுடியுமா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

"சரிங்க"

கடைசியாக நம் மொழி. கொங்குத் தமிழில் "சரிங்க" என்பது பதிலைவிட மரியாதை. புரிந்தாலும் சரிங்க, புரியாவிட்டாலும் சரிங்க. வரப்போகிறேன் என்றாலும் சரிங்க, இனிமேல் இந்தப் பக்கமே வரமாட்டேன் என்றாலும் சரிங்க. டாக்டர் முன்னால் மறுத்துப் பேசுவது அதிகப்பிரசங்கித்தனம். மேலே சொன்ன 2005 ஆய்வை இதோடு வைத்துப் பாருங்கள். வெளிப்படையாகப் பேசுகிறவர்கள் என்று நாம் நினைக்கும் அமெரிக்க மாணவர்கள் மத்தியிலேயே 40இல் ஒன்றைத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. "சரிங்க டாக்டர்" என்று தலையாட்டிவிட்டு வரும் ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது?

அதனால் மொழியைப் பாருங்கள். ஆங்கிலத்தில் "ஆங்ஸைட்டி" என்று சொல்வது சுலபம், அதில் பட்டும் படாமல் பேசிவிடலாம். "வயித்துல என்னமோ பெசையற மாதிரி இருக்குதுங்க" என்பதை அப்படியே சொல்லமுடிகிற, அதைக் கேட்டதும் புரிகிற ஆள் வேண்டும். உங்கள் சரிங்க நிஜமான சரியா என்று திரும்பக் கேட்கிற ஆளாக இருந்தால் இன்னும் நல்லது.

முதல் சந்திப்புக்கு நான் எழுதிக் கொடுக்கும் கேள்விகள் இவைதான்:

உங்க படிப்பு, பயிற்சி, பதிவு எண் என்ன?
என் மாதிரிப் பிரச்சினையோட வந்தவங்களைப் பார்த்திருக்கீங்களா?
நாம என்ன பண்ணப்போறோம், தோராயமா எத்தனை தடவை?
பலன் இருக்கா இல்லையான்னு எப்படிப் பார்ப்போம், எப்ப பார்ப்போம்?
என் வீட்டுல கேட்டா என்ன சொல்வீங்க, எதைச் சொல்லமாட்டீங்க?
எனக்கு ஒத்துவரலேன்னா சொல்லலாமா, வேற ஆளைக் காட்டுவீங்களா?

பதிலின் உள்ளடக்கம் பாதி. கேள்வியை அவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பது மீதி. எரிச்சல்பட்டால், "என்னை நம்புங்க" என்று மட்டும் சொன்னால், எழுந்து வந்துவிடலாம். மூன்று நான்கு தடவை போன பிறகும் "இது சரியா வரலைங்க" என்று அவரிடம் சொல்லமுடியவில்லை என்றால், அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் உங்களுக்கானவர் இல்லை.

இதெல்லாம் யோசிக்க நேரம் இருப்பவர்களுக்கு. 2022இல் தமிழ்நாட்டில் தற்கொலையால் இறந்தவர்கள் 19,834 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். அந்த எண்ணம் வருகிறவர்கள் தேர்வெல்லாம் பண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். 14416 டெலி மானஸ், 24 மணி நேரமும், தமிழில், இலவசம். அல்லது பக்கத்து அரசு மருத்துவமனை. கோவையில் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் இருக்கும் ஜி.ஹெச்.சில் மனநலப் பிரிவு இருக்கிறது. தனக்கேற்ற ஆளைத் தேடும் வேலையை அப்புறம் செய்துகொள்ளலாம்.

'சந்திரமுகி'யை அடுத்த பண்டிகைக்கும் போடுவார்கள், நானும் பார்ப்பேன். ஜோதிகா கட்டிலைத் தூக்கும் இடம் வந்தால் இன்னும் வேலையைப் போட்டுவிட்டு டிவி முன்னால் நின்றுவிடுகிறேன். அதற்கு முன்னால் ஒரு சின்னக் காட்சி இருந்திருக்கலாம். கங்கா சரவணன் எதிரே உட்கார்ந்து, "எனக்கு என்ன ஆச்சு, நீங்க என்ன செய்யப்போறீங்க?" என்று கேட்டிருக்கலாம். படம் ஒரு நிமிடம் நீண்டிருக்கும், அவ்வளவுதான்.